கொல்லம் ரயில்: நாம் கேட்க வேண்டியது என்ன?



சாத்தூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு ஆகியவற்றைப் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் கடைகளுக்கு அனுப்புகிறோம். சரக்கு லாரியில் போய்விடும். ஆனால் பாக்கி வசூலுக்கும் புது ஆர்டருக்கும் ஆள் நேரில் போயாக வேண்டும். அதற்கு ரயில்தான் வசதி.

செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் பாதை 1904ல் திறக்கப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னை மாகாண அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து அமைத்த பாதை அது. விருதுநகர் - தென்காசி பாதை 1927ல் அதனுடன் இணைந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் விருதுநகரில் ஏறினால் கொல்லத்தில் இறங்கலாம்.

2004ல் விருதுநகர் - செங்கோட்டை அகலப்பாதை ஆனது. மலைப்பாதை மட்டும் மீட்டர் கேஜாகவே நின்றதால், செங்கோட்டையில் வண்டி மாற வேண்டி வந்தது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை - புனலூர் பகுதியை அகலப்படுத்த மூடினார்கள். சுமார் 49 கிலோமீட்டர் தூரம்தான். முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் மாதம் ஒரு தடவை போன எங்கள் ஆள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனார். பேரேட்டில் பாக்கி ஏறியது. இரண்டு பழைய வாடிக்கைக் கடைகள் வேறு ஊர் மண்டிக்கு மாறிவிட்டன. ரயில் நின்றால் வியாபாரமும் தளரும் என்பதை அப்போது கண்டோம்.

இன்று பாதை இருக்கிறது, மின்மயமும் ஆகிவிட்டது. சென்னை - கொல்லம், மதுரை - குருவாயூர் வண்டிகள் விருதுநகர் வழியாக ஓடுகின்றன. பிறகு என்ன குறை?

குறை நேரத்தில் இருக்கிறது. வியாபாரி கடை திறக்கும் வேளையில் போய்ச் சேர வேண்டும். வசூலை முடித்துக்கொண்டு மாலையில் திரும்ப வண்டி வேண்டும். சென்னைப் பயணியின் வசதிக்கு வகுத்த வண்டி விருதுநகருக்கு நள்ளிரவு தாண்டி வருகிறது. சாத்தூரிலிருந்து திருவனந்தபுரம் சுற்றிக் கொல்லம் போக வண்டி உண்டு. ஆனால் புனலூரும் கொட்டாரக்கரையும் அந்த வழியில் இல்லை.

புது வண்டி விட வேண்டும் என்று மட்டும் மனு எழுதினால் போதாது. ரயில்வேக்கு உள்ள சிரமத்தையும் அறிந்து கேட்க வேண்டும். விருதுநகர் முதல் கொல்லம் வரை ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டிக்கு ஸ்டேஷனில் காத்திருந்தே போக வேண்டும். பகவதிபுரம் தாண்டி எல்லையைக் கடந்தால் ஆரியங்காவுக் குகை, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், செங்குத்தான ஏற்ற இறக்கம். அங்கே வேகம் குறைவு. கூடுதல் எஞ்சினும் தேவைப்படும்.

ஆகவே முதலாவதாக, மதுரையிலிருந்து அதிகாலை புறப்பட்டு, மாலையில் கொல்லத்திலிருந்து திரும்பும் பகல் வண்டி ஒன்றைக் கேட்போம். இரண்டாவதாக, சாத்தூர், கோவில்பட்டிப் பயணிகளுக்கு விருதுநகரில் இணைப்பு வண்டி பொருந்த வேண்டும். இதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டாம், கால அட்டவணையைத் திருத்தினால் போதும். மூன்றாவதாக, புனலூர், கொட்டாரக்கரை வணிகர்களும் இதே கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும். இரு மாநிலத்தாரும் கேட்டால்தான் எண்ணிக்கை பேசும்.

எல்லைக்கு அப்பால் இருந்தாலும் புனலூர்ப் பகுதி மதுரைக் கோட்டத்தின் கீழ்தான் இயங்கி வருகிறது. அது நமக்கு அனுகூலம். கோட்ட ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுவில் வணிகர் அமைப்புகளுக்கும் இடம் உண்டு. மாதம் எத்தனை பேர் போகிறோம், எந்த ஊருக்கு, எந்த நாளில் என்று ஒவ்வொரு கடையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுத்தால், அந்தக் கணக்கே நம் மனு. கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்லவே!