கேள்வி கேட்காமல் ஏறும் மென்பொருள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் 40 கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் ஒரு புதிய மென்பொருளை ஏற்ற வேண்டும். அது சும்மா ஏறிவிடாது. எந்த மொழி வேண்டும், எங்கே சேமிப்பது, விதிகளுக்குச் சம்மதமா என்று வரிசையாகக் கேட்கும். கணிப்பொறிக்கு 8 கேள்விகள் என்றாலும் 320 முறை பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு முறை கை தவறினால் போயிற்று. அந்தக் கணிப்பொறி மட்டும் மற்றவற்றைப் போல இராது.

பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் என்ன? ‘யாரையும் கேட்காதே, இதைப் பார்த்துக்கொள்’ என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம் அல்லவா? அப்படித்தான் செய்கிறார்கள். டெபியன் லினக்ஸில் இத்தகைய விடைக் கோப்புக்கு ‘ப்ரீசீட்’ என்று பெயர். முன்பே ஊன்றிய விதை என்று பொருள் கொள்ளலாம். திரையில் ஒன்றும் தோன்றாது, வேலை முடிந்துவிடும்.

ஆனால் எல்லாக் கணிப்பொறிகளும் ஓரினம் அல்லவே! விண்டோஸுக்கான பொதி லினக்ஸில் ஏறாது. மாக் கணிப்பொறியிலும் ஏறாது. கட்டளைகளும் வேறு, கோப்புகள் இருக்கும் இடங்களும் வேறு.

நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் என்னும் இயற்பியலாளருக்கும் இதே தொல்லைதான். அங்கிருந்த யூனிக்ஸ் கணிப்பொறிகள் பல வகை. ‘இந்த வகையானால் இப்படி, அந்த வகையானால் அப்படி’ என்று ஆணைகள் நீண்டுகொண்டே போயின. 1993ஆம் ஆண்டில் அவர் ‘சிஎஃப்என்ஜின்’ என்ற கருவியை உருவாக்கினார். அதன் அடிப்படை மிக அழகானது. என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வதைவிட, முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும்!

வீட்டு மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வைப் பாருங்கள். எத்தனை குடம் நீர் ஊற்றினோம் என்று அது எண்ணுவதில்லை. மட்டம் குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும். அதுபோலவே ஒவ்வொரு கணிப்பொறியிலும் அமர்ந்துள்ள ஒரு சிறு முகவர் நிரல், தன் இயங்குதளம் எது என்று தெரிந்துகொண்டு, குறைவதை மட்டும் சரிசெய்கிறது. பத்து முறை ஓடினாலும் கேடில்லை.

இத்தனை வசதியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சத்தமின்றி ஏறும் பிழையும் சத்தமின்றியே ஏறிவிடும். 2024 ஜூலை 19 அன்று, நம் நேரப்படி காலை 9.39க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. அது 21ஆவது மதிப்பு ஒன்றைத் தேடியது. கணிப்பொறியிலிருந்த நிரலோ 20 மதிப்புகளை மட்டுமே தந்தது. இல்லாத ஒன்றைப் படிக்கப் போய் கணிப்பொறிகள் விழுந்தன. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அந்தக் கோப்பு விண்டோஸுக்கு மட்டும் உரியது என்பதால் லினக்ஸும் மாக்கும் தப்பின.

திருத்தத்தையும் சத்தமின்றி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுந்தவுடனே விழும் கணிப்பொறி அதை எப்படி வாங்கிக்கொள்ளும்? பெரும்பாலானவற்றில் ஆட்கள் நேரில் போய், ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அந்த நிறுவனம் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது: முதலில் சில கணிப்பொறிகளுக்கு மட்டும், அவை நலமாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு.