வயலின் அடியில் இருப்பது யாது?

கீழ்வேளூரைச் சுற்றியுள்ள நஞ்சை நிலங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உழப்பட்டு வருபவை. இதற்குச் சான்று தேடி நாம் வெகு தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் பகுதியைச் சேர்ந்த ஆனைமங்கலத்தின் வருவாயை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராஜராஜ சோழர் தமது 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கினார். லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஆவணம், அவ்வூரின் நிலத்தை 97 வேலிக்கும், நெல்லை 8,943 கலத்திற்கும் சற்று மேலாகக் கணக்கிடுகிறது. இவ்வளவு திருத்தமாக அளக்கப்பட்ட ஊர்களில் வாழ்ந்தோரின் மனையும் கிணறும் தறிக்கூடமும் பெரும்பாலும் காவிரி கொணர்ந்த வண்டலின் அடியிலேயே இருத்தல் கூடும்.

2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. சாலை, மின்சாரம் போன்ற பணிகளைத் தடுப்பதில்லை. ஆகவே வயலில் இயந்திரம் இறங்கும் நாள் வரவே செய்யும். 2023ஆம் ஆண்டில் சீர்காழிக் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது திருமேனிகளும் தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டதை அங்கத்தினர் அறிவர். அவை தற்செயலாகக் கிடைத்தன. தற்செயலாக உடைந்து போனவை எத்தனையோ!

இதற்குப் பரிகாரமே சோதனை அகழாய்வு. முதலில் உழுத நிலத்தில் சிதறிய பானையோடுகளைக் கணக்கெடுப்பர். பின்பு சில இடங்களில் மட்டும் குழி எடுத்து, மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கி, எப்பொருள் எவ்வடுக்கில் இருந்தது எனக் குறிப்பர். மனிதன் கைபடாத மண் வந்ததும் நிறுத்துவர். இங்கிலாந்தில் 1990 முதல் கட்டட அனுமதிக்கு முன்பே இத்தகைய சோதனை கேட்கப்படுகிறது. நம் நாட்டில் எல்லாப் பணிகளுக்கும் இது கட்டாயமில்லை. எனினும் நாகார்ஜுனசாகர் அணைநீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கு 1954 முதல் 1960 வரை அகழப்பட்டு, முக்கியச் சின்னங்கள் சில மேட்டில் மறுபடி அமைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

தனியார் நிலத்திலும் இது இயலும். கீழடியில் 2014-15இல் தொடங்கிய பணி தென்னந்தோப்புகளிலேயே நடைபெற்றது. ஆய்ந்த குழிகள் மூடப்பட்டன. அங்கே கிடைத்தவற்றுள் சுடுமண் தக்களிகளும், துணியில் உருவம் தீட்டப் பயன்பட்டவை எனக் கருதப்படும் எலும்புத் தூரிகைகளும் உண்டு. நெசவாளரான நமக்கு இவை பொன்னினும் மேலானவை. அரசரின் கொடையைச் செப்பேடு சொல்லும். நூல் நூற்றவளின் வாழ்வை மண்ணடுக்கே சொல்லும்.

"நிலம் பறிபோய்விடுமோ?" என்னும் அச்சம் இயல்பே. குழி எடுத்தமையால் மட்டும் நிலம் அரசினுடையதாகிவிடாது. பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பது வேறு நடவடிக்கை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அதற்கு முன்னறிவிப்பும், ஆட்சேபம் கூற இரண்டு மாத அவகாசமும் உண்டு. ஆனால் அவ்வாறு அறிவித்த பின் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்திற்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதிக் கட்டுப்பாடும் உண்டாகும். இதை மறைப்பதில் பயனில்லை.

ஆகையால் நமது சங்கங்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டியவை மூன்று. உளுந்தும் பயறும் எடுத்தபின், சித்திரை வைகாசியில், மேட்டூர் நீர் வருமுன் வேலை முடிய வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து, அடிமண்ணை நிரப்பிய பின் அதை மேலே பரப்ப வேண்டும். பயிர்ச் சேதத்திற்கு ஈடு முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

நமக்கும் ஒரு கடமையுண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். கொழுமுனையில் சிலையோ காசுக்குடமோ தட்டுப்பட்டால் ஏரை நிறுத்துக. பொருளைக் கழுவவோ பெயர்க்கவோ வேண்டா. கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே தெரிவிக்க. தனியொருவர் தயங்குமிடத்தில் சங்கம் துணை நிற்பதே கூட்டுறவு. அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை அங்கத்தினர் எடுத்து ஆலோசிப்பார்களென நம்புகிறோம்.