தழும்பே இல்லாத சைனஸ் ஆபரேஷன்: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

‘எனக்கு சைனஸ் இருக்கு’ என்று சொல்லும் ஒருவராவது இல்லாத ஆபீஸ் உண்டா? ஏ.சி. போட்டால் தும்மல், தலைக்குக் குளித்தால் மூக்கடைப்பு, குனிந்தால் தலைபாரம்... எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் சைனஸ். உண்மையில் சைனஸ் என்பது நோயே அல்ல. அது எல்லோருக்கும் இருக்கிறது. அதில் வரும் அழற்சிதான் பிரச்சினை.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இந்த விஷயத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் லாரிகள் ஓடும் சாலைகளும் இருக்கின்றன. பெரம்பலூரில் கல்குவாரிகள், கிரஷர்கள். அது போக, மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகும்போது கிளம்பும் தூசு. தூசு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அலர்ஜி, ஆஸ்துமா, புகைப்பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தினமும் தூசியைச் சுவாசிப்பவரின் மூக்கு எளிதில் ஆறாது.

சைனஸ் என்றால் என்ன?

நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்புறம் என நான்கு ஜோடி காற்றறைகள் எலும்புக்குள் இருக்கின்றன. இவற்றின் உள்சவ்வில் சளி சுரந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியைத் தள்ளி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வாசல் வழியாக மூக்குக்குள் கொண்டுவந்து விடும். சவ்வு வீங்கி அந்த வாசல் அடைபட்டால் சளி உள்ளேயே தேங்கும். அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

எப்போது அது ‘நாள்பட்ட’ சைனஸ்?

மூக்கடைப்பு, சளி ஒழுகுதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை தெரியாமல் போவது. இவற்றில் குறைந்தது இரண்டு, 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சைனஸ் என்று சந்தேகிக்கலாம். அந்த இரண்டில் ஒன்று மூக்கடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். எண்டோஸ்கோபி அல்லது சி.டி. ஸ்கேனில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

வெறும் தலைவலி மட்டும் இருந்தால்? 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ‘சைனஸ் தலைவலி’ என்று நம்பிய சுமார் 3,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனுக்கு மூக்கில் ஆபரேஷன் செய்து பயனில்லை.

முதல் சிகிச்சை கத்தி அல்ல

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, டாக்டர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரே. இந்த இரண்டும்தான் அடிப்படை. இரண்டு நாள் அடித்துவிட்டு ‘கேட்கல’ என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஸ்பிரே முழுப்பலன் தர வாரக்கணக்கில் ஆகும்.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்:

• ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். போர்வெல், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது.

• மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

• ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். நாள்பட்ட சைனஸ் எல்லாம் கிருமித் தொற்று அல்ல.

எண்டோஸ்கோபி ஆபரேஷனில் என்ன நடக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை, அல்லது ‘மூக்குல சதை வளர்ந்திருக்கு’ என்று நாம் சொல்லும் பாலிப் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால், ஆபரேஷன் பற்றிய பேச்சு வரும்.

1890-களில் அறிமுகமான பழைய முறையில், மேலுதட்டுக்கு உள்பக்கம் ஈறுக்கு மேலே வெட்டி, கன்னத்து எலும்பில் துளையிட்டு, உள்சவ்வைச் சுரண்டி எடுத்தார்கள். சளி வடிவதற்காக மூக்கின் கீழ்ப்பகுதியில் புது வாசலும் வைத்தார்கள். ஆனாலும் பலருக்குத் தொல்லை தொடர்ந்தது. ஏன்? ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வழியே பார்த்து விடை சொன்னார். கீழே புது வாசல் இருந்தாலும், மயிரிழைகள் சளியை மேலே இருக்கும் இயற்கையான வாசலை நோக்கியே தள்ளுகின்றன!

அப்படியானால் அந்த வாசலைத்தானே திறக்க வேண்டும்? 1980-களில் அவருடைய மாணவர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் பரப்பிய ‘ஃபெஸ்’ எனும் சிகிச்சையின் சாரம் இவ்வளவுதான். பென்சிலைவிட மெல்லிய, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்குத் துவாரம் வழியே விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே பாலிப்பையும் அடைப்பையும் அகற்றி வாசலை அகலப்படுத்துவார்கள். பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். வெளியே வெட்டோ தையலோ இல்லை. பலரும் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்பலாம்.

2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பலூன் முறை இன்னும் எளிது. சுருக்கிய பலூனை வாசலில் வைத்து, சில விநாடிகள் விரித்துவிட்டு எடுப்பார்கள். சதையை வெட்டுவதில்லை. ஆனால் பாலிப் அதிகம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

பயப்பட வேண்டுமா?

சைனஸுக்குப் பக்கத்திலேயே கண்ணும் மூளையும் இருக்கின்றன. இடையில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். ரத்தக்கசிவு, கண் பாதிப்பு, மூளைநீர்க் கசிவு ஆகியவை ஏற்படலாம். பெரிய பாதிப்புகள் அரிது.

‘ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரும்’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆபரேஷன் வாசலைத் திறக்கிறது, அலர்ஜியை நீக்குவதில்லை. பாலிப், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆனால் திறந்த வாசல் வழியாகத்தான் உப்புநீரும் ஸ்பிரேயும் உள்ளே போய்ச் சேரும். ஆபரேஷனுக்குப் பிறகு அவற்றை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

எங்கே போவது?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் அடுத்து திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகள். முதலில் காது மூக்கு தொண்டை பிரிவில் காட்டுங்கள். ஆபரேஷன் என்று முடிவானால், முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேளுங்கள். தகவலுக்கு 104-ஐ அழைக்கலாம்.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். மருந்து முயற்சி போதுமா? ஸ்கேனில் எந்த அறை அடைபட்டிருக்கிறது? எனக்கு பலூனா, ஃபெஸ்ஸா? பிறகு எத்தனை நாள் ஸ்பிரே?

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளுக்கு மூக்கிலிருந்து கறுப்பாக வடிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 2021-ல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சைத் தொற்றில் பலர் கண்ணையும் உயிரையும் இழந்ததை மறக்க முடியாது.

குவாரியிலோ ஆலையிலோ வேலை பார்ப்பவர்கள் தூசு தடுக்கும் என்95 வகை மாஸ்க் போடுங்கள். வீடு திரும்பியதும் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.