மடக்குக் கத்தியின் பூட்டு: ஒட்டுக் கட்டுவோர் அறிய வேண்டியவை

நாம் அன்றாடம் கையாளும் கருவிகளுள் சில, மிக எளியனவாகத் தோன்றுகின்ற காரணத்தினாலேயே நம் கவனத்துக்கு உட்படாமற் போய்விடுகின்றன. மடக்குக் கத்தி அவற்றுள் ஒன்று. இதனைப் பேனாக்கத்தி என்றும் வழங்குகிறோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு மேனாட்டார் உபயோகித்த சிறு கத்திக்கு இட்ட பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது.

தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி ஆகிய கேரள மாவட்டங்களில் இக்கத்திக்கு ஒரு தனி வேலை உண்டு. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலுள்ள முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். நாட்டின் பிற பகுதிகளில் மா விளைவதற்கு முன்னரே இவ்வூர்க் காய்கள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அதற்கு அணித்தாயுள்ள நெல்லியாம்பதி மலையில் அரசாங்கத்தின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் மிளகும் ஏலமும் சாதிக்காயும், தாழ்ந்த பகுதிகளில் ரப்பரும் பயிராகின்றன. இவற்றுள் மாவும் ஆரஞ்சும் சாதிக்காயும் ரப்பரும் ஒட்டுக் கட்டியோ மொட்டுக் கட்டியோ பெருக்கப்படுவன. விரைவு வாடல் நோயைத் தாங்கும் பொருட்டு, மிளகுக் கொடியைப் பிரேசில் திப்பலி என்னும் செடியின்மீது ஒட்டுவதும் உண்டு.

ஒட்டுக் கட்டும் தொழிலாளிக்குக் கத்தியே முதற்கருவி. வேர்ச்செடியின் வெட்டுமுகமும் ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகமும் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி ஒட்டு பிடிக்காது. ஆகையால் வெட்டு வழவழப்பாக அமைதல் வேண்டும். அதற்குக் கத்தி சவரக்கத்தியைப் போன்ற கூர்மை உடையதாயிருத்தல் வேண்டும். அத்தகைய கூர்மையுள்ள அலகைத் திறந்தபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்க முடியாது. எனவே ஒட்டுக் கத்திகளிற் பெரும்பாலானவை மடக்குக் கத்திகளாகவே செய்யப்படுகின்றன. மடங்கிய நிலையில் அவை ஆளையும் காக்கின்றன, கூரையும் காக்கின்றன. ஆனால் வேலையின் நடுவே, உரியவர் எண்ணாத வேளையில் கத்தி மடங்குமானால், அதே கூர்மை விரலின்மேல் வந்து விழுகிறது.

அங்ஙனம் விழும் இடத்தையும் கருதிப் பார்த்தல் வேண்டும். பிடியைச் சுற்றி வளைந்திருக்கும் விரல்களின் உட்புறத்தையே அலகு தாக்குகிறது. விரலை மடக்கும் தசைநாண்களும், தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் அப்பக்கத்தில் தோலுக்குச் சிறிது கீழேதான் ஓடுகின்றன. அவை அறுபட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். விரல் நுனியின் உணர்வைக் கொண்டு பிழைக்கும் ஒருவருக்கு இது சிறு காயமன்று.

வில் வேறு, பூட்டு வேறு

ரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் அகழ்வாராய்ச்சியிற் கிடைத்துள்ளன. மிகப் பழைய முறையில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது உராய்வு ஒன்றே. சவரத் தொழிலாளர் உபயோகித்து வந்த மடக்குச் சவரக்கத்தி இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது முறையில் வில் சேர்கிறது. பிடியின் முதுகுப் பக்கத்தில் நீண்ட எஃகு வில் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அலகின் அடிப்பகுதி பிடிக்குள் ஓர் ஆணியின்மேல் சுழலுகிறது. அந்த அடிப்பகுதியில் தட்டையான முகங்கள் உண்டு. அலகு முழுவதும் திறந்ததும் அத்தகைய முகம் ஒன்றின்மீது வில் அழுந்தி நிற்கிறது. திறக்கும்போதும் மூடும்போதும் நாம் கேட்கும் ‘டக்’ என்னும் ஓசை, வில் ஒரு முகத்தினின்றும் மற்றொரு முகத்துக்குத் தாவுவதால் உண்டாவது.

கடைகளில் விலை குறைந்த ஒட்டுக் கத்திகள் பலவும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவையே. அந்த ஓசையைக் கேட்டுக் கத்தி பூட்டிக்கொண்டுவிட்டது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. வில் அலகை அழுத்துகிறதேயன்றித் தடுப்பதில்லை. போதிய விசை வந்தால் அது வளைந்து வழிவிடும். அவ்விசை உரியவரின் விரலிலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா என்பதை வில் அறியாது. கதவைச் சாத்தி ஒரு கல்லை முட்டுக் கொடுப்பதற்கும், தாழ்ப்பாள் இடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தாழ்ப்பாளைப் போல ஒரு திடமான பகுதி அலகின் வழியிற் குறுக்கிட்டு நின்றால்தான் அதனைப் பூட்டு என்று சொல்லலாம்.

விசை எப்பக்கம் வருகிறது?

கூரான பக்கத்தைக் கொண்டு குச்சியைச் சீவும்போது, மரம் அலகை மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளுகிறது. அப்பொழுது கத்தி மடங்குவதில்லை. ஆபத்து மூன்று சமயங்களில் நேர்கிறது. முதலாவது, அலகின் நுனியை மரத்தில் ஊன்றிக் குத்தும் சமயம். இரண்டாவது, மரத்திற் சிக்கிய அலகைத் திருகி இழுக்கும் சமயம். மூன்றாவது, மொட்டுக் கட்டுவோர் பலரும் செய்வது: பட்டையில் வெட்டுப் போட்டபின், அதனைத் தூக்குவதற்குக் கத்தியைத் திருப்பி அலகின் முதுகினால் நெம்புதல். முதுகின்மேல் வரும் விசை, அலகை மூடும் திசையில் வேலை செய்கிறது.

இவ்விசையின் அளவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். சுழலாணியிலிருந்து அலகின் நுனி வரை 70 மில்லிமீட்டர் என்றும், வில் அழுந்தும் இடம் ஆணியிலிருந்து 5 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளது என்றும், வில்லின் அழுத்தம் 10 கிலோகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். இது ஒரு நெம்புகோல். நீண்ட கை குறுகிய கையைப் போல 14 மடங்கு. ஆகவே நுனியின் முதுகில் ஏறக்குறைய 700 கிராம் விசை பட்டாலே அலகு மடங்கத் தொடங்கிவிடும். இறுகிய பட்டையை நெம்புகையில் இதற்கு மேற்பட்ட விசையை நம் கை தானே அறியாமல் செலுத்திவிடுகிறது.

இக்கணக்கு பூட்டுள்ள கத்திக்கும் பொருந்தும். அதே நுனியில் 7 கிலோகிராம் விசை பட்டால், ஆணியிலிருந்து 5 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும் பூட்டின்மேல் 98 கிலோகிராம் பாரம் விழுகிறது. சிறு நகத்தளவுள்ள ஓர் எஃகு முனை அப்பாரத்தைத் தாங்கவேண்டும். ஆதலால் பூட்டு இருப்பது மட்டும் போதாது; அது முழுதும் பொருந்தியும் தேயாமலும் இருத்தல் இன்றியமையாதது.

மூவகைப் பூட்டுகள்

முதுகுப் பூட்டு: பிடியின் முதுகில் நடுவே ஆணி கொண்ட ஓர் எஃகுச் சட்டம் ஏற்றப்பலகையைப் போல அசையும். அதன் முன்முனையிலுள்ள கொக்கி, அலகு திறந்ததும் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கிவிடும். சட்டத்தின் பின்பகுதியை அழுத்தினாற்றான் கொக்கி மேலெழும். அப்பொழுது கலிபோர்னியாவில் இருந்த பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110 என்னும் கத்தி இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. இது உறுதியான பூட்டு. எனினும் பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்தால் கொக்கி முழுவதும் இறங்காது. பிடியை மிக இறுக்கிப் பற்றும்போது உள்ளங்கை தற்செயலாக விடுவிக்கும் இடத்தை அழுத்திவிடவும் கூடும்.

பக்கத்தகட்டுப் பூட்டு: பிடியின் உட்புறத்திலுள்ள உலோகத் தகட்டின் ஒரு பகுதி நாக்குப் போல வெட்டப்பட்டு, உள்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். அலகு திறந்ததும் அந்நாக்கு தானே பாய்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டி நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க மின்தொழிலாளர் கத்திகளில் இதன் முன்வடிவம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்தித் தொழிலறிஞர் இதனை இன்று காணும் வடிவுக்குக் கொண்டுவந்தார். ஒரு கையாலேயே திறந்து மூடலாம் என்பது இதன் நலம். நாக்கு ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால், கத்தியைத் திருகும்போது நழுவிவிடலாம் என்பது குறை. மேலும், மூடுவதற்காக நாக்கை ஒதுக்கும் பெருவிரல் அலகின் வழியிலேயே இருக்கிறது. அலகு சிறிது அசைந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும்.

வளையப் பூட்டு: பிரான்சு தேசத்தின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உழவர்களுக்கென ஒரு மரப்பிடிக் கத்தியை உருவாக்கினார். 1955இல் மார்செல் ஒப்பினெல் அதற்கு ஒரு பூட்டை அமைத்தார். பிடியின் தலைப்பில் பிளவுள்ள ஓர் எஃகு வளையம் சுழலும். பிளவு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். வளையத்தைத் திருப்பிவிட்டால் அதன் விளிம்பு அலகைத் தடுத்து நிறுத்தும். 2000 முதல் மடங்கிய நிலையிலும் பூட்டும்படி இது திருத்தப்பட்டது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காணலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் இது தானே பூட்டிக்கொள்வதன்று. திருப்ப மறந்தால் பூட்டே இல்லை. மழைக்காலத்தில் மரப்பிடி ஈரத்தால் ஊதி, அலகைத் திறப்பது கடினமாவதும் உண்டு.

பூட்டு தவறுவதற்குக் காரணங்கள்

தோட்ட வேலையில் பூட்டுக்கு மூன்று பகைகள் உண்டு: பால், மண், ஈரம். மாம்பாலும் ரப்பர்ப் பாலும் பள்ளங்களில் உறைந்து பிசின்போல் தங்குகின்றன. அவற்றோடு மண்துகள் சேர்ந்தால் கொக்கியோ நாக்கோ முழுவதும் உட்காராமல் பாதியில் நின்றுவிடும். ‘டக்’ என்னும் ஓசை வழக்கம்போல் கேட்கும், ஆனால் பூட்டியிராது. தென்மேற்குப் பருவமழையின் ஈரம் எஃகில் துருவேற்றி வில்லின் வலுவைக் குறைக்கிறது. இவற்றுக்கு மேலாக நாட்பட்ட தேய்வும் உண்டு. அலகின் முதுகில் சுத்தியலால் தட்டிக் குச்சியைப் பிளப்பவர்கள், ஒவ்வோர் அடியிலும் ஆணியையும் பூட்டையும் தளர்த்துகிறார்கள். அத்தகைய வேலைக்கு மடங்காத கத்தியே ஏற்றது.

சோதித்தலும் பேணுதலும்

நாள்தோறும் வேலை தொடங்குமுன் கத்தியைச் சோதித்துக் கொள்வதற்கு அரை நிமிஷம் போதும். அலகை முழுவதும் திறந்து, பூட்டு தன் இடத்தில் முற்றிலும் அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பின்னர், அலகு மடங்கும் வழியில் ஒரு விரலும் இல்லாதவாறு பிடியை இரு பக்கங்களிலும் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். ஓங்கி அடித்தல் கூடாது. அலகு அசைந்து பின்வாங்கினாலும், பக்கவாட்டில் ஆட்டம் கண்டாலும், அக்கத்தியைப் பூட்டில்லாத கத்தியாகவே மதித்தல் வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும் பழைய பல்துலக்கியையும் சோப்பு நீரையும் கொண்டு பிடியின் உட்புறத்தைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, ஆணியிலும் பூட்டிலும் ஒரு துளி எண்ணெய் இடலாம். எண்ணெய் மிகுந்தால் மண் ஒட்டும். அலகில் எண்ணெய் பட்டால் மறுநாள் வெட்டுமுகத்தில் படாதபடி துடைத்துவிட வேண்டும்.

பட்டையைத் தூக்குவதற்கு அலகின் முதுகை உபயோகிக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் நலம். நல்ல மொட்டுக் கத்திகளின் பிடியிலேயே எலும்பாலோ பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன நெம்பி ஒன்று இருக்கும். அஃதில்லாவிடில் மூங்கிற் சிம்பு ஒன்றைச் சீவி வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கையையும் மீறிக் காயம் ஏற்பட்டால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தல் வேண்டும். குருதி நின்றபின்னும் விரலை மடக்க முடியாவிட்டாலோ நுனியில் மரமரப்பு இருந்தாலோ, தசைநாணோ நரம்போ அறுபட்டிருக்கலாம். தையலிட்டு ஆறும் காயமென்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலைத் தோட்டங்களில் மருத்துவமனை தொலைவில் இருப்பதால் இம்முடிவைத் தாமதிக்கும் வழக்கம் உண்டு. அத்தாமதமே விரலை விறைத்துப் போகச் செய்கிறது. தோட்டவேலையில் ஏற்பட்ட எந்தக் கத்திக் காயத்துக்கும் இசிவுநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் அவசியம்.

சட்டத்தைக் குறித்து ஒரு வார்த்தை

பூட்டுள்ள மடக்குக் கத்தி என்றதும் உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்தியும், இந்தித் திரைப்படங்களில் அதற்கு ஏற்பட்ட கெட்ட பெயரும் சிலருக்கு நினைவு வரலாம். இதனால் பூட்டுள்ள கத்தியை வாங்கவே தயங்குவோரும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளே ஆயுத வகையிற் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு அவ்வகையினின்றும் விலக்கு உண்டு. ஒட்டுக் கத்தியின் அலகு இவ்வளவிற் பாதியையும் எட்டுவதில்லை.

ஆகவே கடையில் ஒட்டுக் கத்தி வாங்கும்போது கூரையும் விலையையும் மட்டும் பார்த்தல் போதாது. இது வில்லினால் நிற்கிறதா, பூட்டினால் நிற்கிறதா என்று கேட்டறிதல் வேண்டும். பூட்டுள்ளதாயின் அது எவ்வாறு விடுபடுகிறது என்பதையும் கையில் வாங்கிப் பார்த்தல் வேண்டும். பூட்டு, தவறிய கணத்தில் நம்மைக் காக்கும் இரண்டாவது காவல். விசை எப்பக்கம் செல்கிறது என்பதை அறிந்து வெட்டுவதே முதற் காவல். மலைச்சரிவில் தினமும் பலநூறு கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் கைகளுக்கு இவ்விரண்டும் தேவை.