கல்யாணப் படத்துக்குப் பதிவாளர் இல்லை

2004 சுனாமியிலும் 2006-07 போர்க்கால இடப்பெயர்விலும் வாகரைச் சனம் தொலைத்த கடதாசிகள் கொஞ்சமல்ல. பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்குக் கந்தோர் ஏறி இறங்கினால் இன்னொரு பிரதி எடுக்கலாம். மூலப் பதிவு பதிவாளரிடம் இருக்கும். கல்யாணப் படத்துக்கு அப்படி ஒரு கந்தோர் இல்லை. லினக்ஸ் கணினியில் தொடக்கக் கோப்பு அழிந்துபோனாலும் இதே கதைதான்.

கணினி எழும்பும்போது பிரிண்டர், இணையம், கடைக் கணக்கு எல்லாவற்றையும் இயக்கிவைப்பது இந்தக் கோப்புகள். அவற்றில் எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் பழுதாகலாம். அவசரத்தில் தட்டிய ஒரு கட்டளையும் போதும்.

யாராவது "ஃபோர்மட் பண்ணித் தாறன்" என்றால் சற்றுப் பொறுங்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அதை மீட்க வழி இருக்கலாம். கணினியை நிறுத்தி, லினக்ஸ் ஏற்றிய பென்ட்ரைவ் மூலம் எழுப்பிப் பாருங்கள்.

போனது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் தந்த கோப்பு என்றால் கவலை குறைவு. எந்த மென்பொருள் பொதியைச் சேர்ந்தது என்று 'டிபிகேஜி' கட்டளை சொல்லும். அந்தப் பொதியைத் திரும்ப நிறுவலாம். ஒரு பொறி உண்டு. 'எட்க்' அடைவிலுள்ள அமைப்புக் கோப்பு காணாமற்போனால், நீங்கள் வேண்டுமென்றே அழித்ததாகவே டிபிகேஜி எடுத்துக்கொள்ளும்; சாதாரண மறுநிறுவல் அதைத் தராது. 'ஃபோர்ஸ் கொன்ஃப்மிஸ்' என்ற தெரிவையும் சேர்க்கவேண்டும். இது தெரியாமல் நாலைந்து தரம் நிறுவிப் பார்த்துக் களைத்தவர்கள் பலர். அதற்காக எங்கோ கிடைத்த கோப்பை எடுத்து ஒட்டாதீர்கள்: தொடக்கக் கோப்புகள் பெரும்பாலும் முழு அதிகாரத்தோடு ஓடுபவை.

நீங்களோ உங்களுக்காக ஒருவரோ எழுதிய கோப்பு என்றால், அதுதான் கல்யாணப் படம்.

இனி, கோப்பு போனால் யாரிடம் கேட்பது? லினக்ஸின் கருவை 1992 முதல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமம் காக்கிறது. பயன்படுத்த, பிரித்துப் பார்க்க, மாற்ற, பகிர உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரவாதம் மட்டும் கிடையாது. காசு வாங்கித் திருத்துபவர் அந்த உரிமத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். அனுமதியின்றி ஒருவர் வேண்டுமென்றே அழித்தால் அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குரிய விடயம், பொலிஸுக்குப் போகலாம். ஆலோசனைக்குக் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட், தொலைபேசி 101.

மாதமொருமுறை 'எட்க்' அடைவைப் பென்ட்ரைவில் பிரதி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஏன் கழற்றவேண்டும்? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அது லினக்ஸ் கோளாறு அல்ல, பழைய மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் மென்பொருளின் பலவீனம். ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. பிரதி இருந்தது; அதுவும் தொகுதியோடு இணைந்தே இருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது.