பாலாற்றங்கரையில் ஹைட்ரஜன் லாரிக்கு இடமுண்டா?

பெட்ரோலுக்கு மாற்றாக ஹைட்ரஜனைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் காரே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் ராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையொட்டிய தோல் பதனிடும் ஊர்களைத் தொட்டுச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை, கேட்கவேண்டிய கேள்வி லாரியைப் பற்றியதே ஆகும். அன்றாடம் சிறு தொலைவு ஓடும் காருக்கு மின்கலமே போதும் என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. பெரும் பாரத்தோடு நெடுந்தொலைவு ஓடும் லாரிக்கோ மின்கலத்தின் எடையும் அதை மின்னேற்றம் செய்ய ஆகும் நேரமும் சுமையாவதால், ஹைட்ரஜன் இன்னும் போட்டியில் நிற்கிறது.

ஹைட்ரஜனை இருவழிகளில் வண்டிக்குப் பயன்படுத்தலாம். எரிபொருள் மின்கலத்தில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு பிளாட்டினம் பூசிய மின்வாய்களின் துணையால் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் கிடைக்கிறது. அம்மின்சாரமே வண்டியின் மோட்டாரைச் சுழற்றுகிறது. இன்னொரு வழி, டீசல் எஞ்சினைப் போன்ற எஞ்சினிலேயே ஹைட்ரஜனை எரிப்பதாகும். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் காட்டிய லாரி இவ்வகையைச் சேர்ந்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசு சோதனை ஓட்டத்துக்கென 37 பேருந்துகளையும் லாரிகளையும் 9 நிரப்பு நிலையங்களையும் அறிவித்தபோது, தெற்கே கொச்சியும் விசாகப்பட்டினமும் இடம்பெற்றன. தமிழ்நாட்டுச் சாலை எதுவும் பட்டியலில் இல்லை.

ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையை ஒரு கனரக லாரி கடக்கச் சுமார் 30 கிலோ ஹைட்ரஜன் வேண்டும் எனக் கொள்ளலாம். நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்பு முறையில் ஒரு கிலோவுக்கு 55 யூனிட் வரை செலவாவதால், ஒரு பயணத்துக்கு 1,650 யூனிட் ஆகிறது. அதே தொலைவை மின்கல லாரி சுமார் 500 யூனிட்டில் கடந்துவிடும். மும்மடங்கு மின்சாரம் என்பது லேசாக ஒதுக்கிவிடக்கூடிய கணக்கன்று.

நீர்க் கணக்கு எதிர்பாராதது. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடக்கும் பாலாற்றுப் படுகையில் நீரைப் பிளந்து எரிபொருள் செய்வதா என்ற கேள்வி இயல்பானதே. வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர் தேவை. சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் ஏறத்தாழ இருமடங்காகலாம். அவ்வாறாயின் லாரியின் ஒரு பயணத்துக்கு 600 லிட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாவதோடு ஒப்பிட்டால், ஒரு மாட்டுத்தோலுக்கு ஆகும் நீரே அது.

சிக்கல் நீரின் அளவில் இல்லை, உப்பில் இருக்கிறது. அழுகாமலிருக்க உப்பிட்டுக் கொண்டுவரப்படும் தோல்கள் முதல் ஊறலிலேயே அவ்வுப்பை நீரில் கரைத்துவிடுகின்றன. பல்லாண்டுகளாக அந்நீர் மண்ணில் இறங்கியதால் கிணறுகள் கரித்துப்போனதும், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்ததும் இப்பகுதி நன்கறிந்த வரலாறு. மின்பகுப்புக் கருவியோ உப்பைச் சிறிதும் தாங்காது. சோடியம், கால்சியம் அயனிகள் அதன் சவ்வில் ஹைட்ரஜன் அயனிகளுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ள, குளோரைடு உலோகப் பாகங்களை அரிக்கிறது. ஆகவே தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்ஓ முறையில் கிடைக்கும் நீரையும் மறுபடி அயனி நீக்கித்தான் பயன்படுத்த இயலும்.

தோலிலிருந்து சீவி எறியப்படும் சதைக்கழிவை நொதிக்கவைத்து, வெளிவரும் மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கலாம் என்ற யோசனையும் உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கப்படுவதால், அவ்வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்து வரும். கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்களின் உயிரைக் குடித்த அதே வாயு பிளாட்டினத்துக்கும் நஞ்சு. வாகன எரிபொருள் மின்கலத்துக்கான பன்னாட்டுத் தரம் ஹைட்ரஜனில் கந்தகத்தை நூறு கோடியில் 4 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. எரிக்கும் எஞ்சின் இத்தனை தூய்மையைக் கேட்பதில்லை. ஆனால் எஞ்சினில்தான் எரிக்கப்போகிறோம் என்றால் மீத்தேனையே சிஎன்ஜியாக எரித்துவிட்டுப் போகலாம், இடையில் ஹைட்ரஜனாக்கி ஆற்றலை வீணாக்குவானேன்?

எஞ்சுவது மின்பகுப்பே. அதில் செலவாகும் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் 60, 70 பாகை வெப்பமாக வெளியேறுகிறது. வேறிடங்களில் இதைக் குளிர்விக்கத் தனிச் செலவு ஆகும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளிவிடக்கூடாது என்ற விதிக்குட்பட்ட தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோ, ஆர்ஓவில் மிஞ்சும் உப்புநீரைக் கொதிகலன் நீராவியால் வற்றவைக்கப் பெருஞ்செலவு செய்கின்றன. அந்த உப்புநீரை முதலில் சூடேற்ற இவ்வெப்பம் உதவும் என்பதால், நிரப்பு நிலையமொன்று இச்சாலையில் அமையுமானால் அதைப் பெட்ரோல் பங்க்குகளின் வரிசையில் வைப்பதைவிடச் சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலை ஒட்டி வைப்பதே சிக்கனமாகும்.