லிப்டுப் பிரயாணமும் சர்க்காரின் கடமையும்

ரயிலில் ஏறுகிறவன் எஞ்சின் டிரைவரைப் பரீட்சித்துவிட்டு ஏறுவதில்லை. பாலத்தைக் கடக்கிறவன் அதன் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையே அவனை நடத்திச் செல்கிறது. நாகரிக ராஜ்யம் என்பது இந்த நம்பிக்கைக்கு ஜவாப்தாரியாக நிற்பதே. மாடிமேல் மாடியாகக் கட்டடங்கள் உயர்ந்துவிட்ட நமது நகரங்களில், ஜனங்கள் நாள்தோறும் இந்த நம்பிக்கையை வைத்து உட்புகும் யந்திரங்களில் லிப்டு முதன்மையானது. பள்ளிக்குப் புறப்படும் குழந்தையும், மூட்டு வலியால் படியேற மாட்டாத கிழவியும், ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் கிடக்கும் நோயாளியும் அதன் கதவு திறந்ததும் உள்ளே போகிறார்கள். மேலே கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதை அவர்கள் அறியார், அறிய வழியுமில்லை. ஆதலின் லிப்டுகளுக்குப் பரிசோதனையும் அத்தாட்சியும் வேண்டுமென்பது, உத்தியோகஸ்தர்களுக்கு வேலை தேடித் தரும் ஏற்பாடு என்று தள்ளிவிடத் தக்கதன்று.

லிப்டின் சரித்திரமே பந்தோபஸ்தின் சரித்திரம்தான். கயிற்றில் பாரம் தூக்கும் வித்தை பழைமையானது. ஆனால் கயிறு அறுந்தால் என் செய்வது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை மனிதர் அதில் ஏறத் துணியவில்லை. 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர், உயரத்தூக்கிய மேடையில் தாமே நின்றுகொண்டு, ஜனக்கூட்டத்தின் கண்ணெதிரில் அதன் கயிற்றை வெட்டச் செய்தார். மேடை சிறிது இறங்கி, பக்கச் சட்டங்களைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. 1857-ல் அந்நகரத்துக் கடையொன்றில் பிரயாணிகளுக்கான அவரது லிப்டு ஓடத் தொடங்கியது. ஜனங்கள் கண்ணால் கண்ட பரீட்சையின் மீது எழுந்த தொழில் இது. இன்று அப்பரீட்சையை ஒவ்வொருவர் முன்னிலையிலும் நடத்திக் காட்ட இயலாது. அதற்கு ஈடாக நிற்பதே லைசென்ஸ்.

அந்த லைசென்ஸுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும்? சர்வதேச விதிகளை ஒட்டி 2022-ல் வெளியான ஐ.எஸ். 17900 என்ற இந்தியத் தர அளவு அதை வகுத்திருக்கிறது. மூன்றும் அதற்கு மேலும் கயிறுகளால் தொங்கும் கூண்டில், அவற்றின் வலிமை தாங்க வேண்டிய பாரத்தைப்போல் 12 மடங்குக்குக் குறையலாகாது. குறித்த பாரத்திற்கு மேல் கால்பங்கு கூடுதலாக, அதாவது நூற்றுக்கு 125 பாகம் ஏற்றி இறங்குகையிலும் பிரேக் கூண்டை நிறுத்த வேண்டும். வேகம் அளவு மீறினால் அதைக் கண்டறியும் கருவி ஒன்று, ஓடிஸின் மேடையைப் போலவே கூண்டைச் சட்டங்களோடு பிடித்து நிறுத்த வேண்டும். பாரம் மிகுந்தால் லிப்டு கிளம்பவே கூடாது. நமது நாட்டில் நெடுங்காலம் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கிட்டு, ஆறு பேர் லிப்டுக்கு 408 கிலோ என்று பலகையில் எழுதி வந்தார்கள். அந்த எண் அலங்காரமாக எழுதப்பட்டதன்று.

கயிறு அறுந்து கூண்டு விழுவதே லிப்டு விபத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் உயிரைக் கொள்ளை கொள்வது பெரும்பாலும் கதவே. கூண்டு வேறு மாடியில் நிற்க, இந்த மாடியில் கதவு திறந்துகொள்கிறது. பழக்கத்தால் காலை வைத்தவர் பாழ்ங்குழியில் விழுகிறார். அல்லது கதவு மூடாதிருக்கையிலேயே கூண்டு நகர்கிறது. வாசலில் நின்றவர் நசுங்குகிறார். கூண்டுக்கு எதிர் எடையாகத் தொங்குவது, கூண்டின் பாரத்தோடு குறித்த சுமையில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்தது. ஆதலால் பிரேக் தளர்ந்தால் காலிக் கூண்டு கீழே விழாமல் மேல்நோக்கிப் பாயும் என்பதைப் பலர் அறியார். கதவு சரியாகப் பூட்டினாலன்றி யந்திரம் ஓடாதபடி அமைத்துள்ள மின் தொடர்பை, அது அடிக்கடி தகராறு செய்கிறதென்று ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுப் போகும் வழக்கம் எத்தனை கொடியது! லிப்டு ஓடுகிறது, குடியிருப்போர் மகிழ்கின்றனர், யமன் வாசலில் காத்திருக்கிறான். அந்தத் துண்டுக் கம்பியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இன்ஸ்பெக்டர் வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இத்துறையில் வழிகாட்டியது பம்பாய். அன்னிய ஆட்சியின் கீழ் மாகாண சுயாட்சியின் குறுகிய எல்லைக்குள், பி. ஜி. கேரின் காங்கிரஸ் மந்திரிசபை பதவியிலிருந்த 1939-ஆம் வருஷத்திலேயே அங்கே லிப்டுச் சட்டம் பிறந்தது. அதிகாரம் அரைகுறையாக இருந்தபோதே ஜனங்களின் உயிரைப் பற்றி நினைத்த அந்தச் சட்டசபைக்கு நமது வந்தனம். சுதந்திரத்திற்குப் பின் வங்காளம் 1955-லும், கர்நாடகம் 1974-லும், ஹரியானா 2008-லும், கேரளம் 2013-லும் சட்டம் செய்தன. உத்தரப் பிரதேசமோ 2024 வரை காத்திருந்தது. 2023 செப்டம்பரில் டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில், கட்டுமானத்திலிருந்த அடுக்கு மாளிகையில் லிப்டு விழுந்து கூலித் தொழிலாளர் பலர் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்குப் பின்பே அங்கே மசோதா சட்டமாயிற்று. பம்பாய்ச் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 85 ஆண்டுகள்! பிணம் விழுந்தாலன்றிச் சட்டப் புஸ்தகம் திறவாது என்பது சுயராஜ்யத்திற்குப் பெருமையா?

தமிழ்நாட்டின் கதையும் முழுப் பெருமைக்குரியதன்று. சென்னை மவுண்ட் ரோடில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டது. லிப்டுகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது 1997-ல். இடையில் கழிந்தவை 38 ஆண்டுகள். எனினும் அச்சட்டத்தின் அமைப்பு நேரானது. லிப்டு வைக்குமுன் அனுமதி பெற வேண்டும். வைத்து முடித்த பின், ஓட்டுவதற்கு லைசென்ஸ் பெற வேண்டும். மின் ஆய்வுத் துறையின் இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்து பார்க்கலாம். குறை கண்டால் திருத்தச் சொல்லலாம். அபாயமென்று தோன்றினால் நிறுத்தியும் வைக்கலாம். விபத்து நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியது சொந்தக்காரரின் கடமை. காகிதத்தில் இவை போதுமானவையே. அனுஷ்டானத்தில் போதுமா என்பதுதான் கேள்வி.

இதை மறுப்பவர்கள் சொல்லும் நியாயங்கள் இரண்டு. முதலாவது, கம்பெனியோடு வருஷாந்தர பராமரிப்பு ஒப்பந்தம் இருக்க இன்ஸ்பெக்டர் எதற்கு என்பது. யந்திரத்தைப் பழுது பார்ப்பவரே அது பழுதற்றதென்று அத்தாட்சி கொடுப்பது, கணக்கு எழுதுகிறவரே தணிக்கை செய்வதைப் போன்றது. பிரிட்டனில் 1998-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஆட்களை ஏற்றும் லிப்டுகளை ஆறு மாதத்திற்கொருமுறை தகுதியுள்ள ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்; உடனடி அபாயம் கண்டால் சொந்தக்காரருக்கு மாத்திரமன்றி அதிகாரிகளுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். நமது நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் ஆலை லிப்டுகளுக்கு ஆறு மாதப் பரிசோதனையையே விதித்தது. ஆலையில் தொழிலாளிக்கு 1948-லேயே அவசியமென்று கருதிய பந்தோபஸ்து, வீட்டில் அவன் மனைவி மக்களுக்கு வேண்டாமென்பது என்ன நியாயம்?

இரண்டாவது, விபத்து நேர்ந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே என்பது. சிவில் வழக்கின் தன்மையை அறிந்தவர் இதைச் சொல்லார். கட்டியவர் சங்கத்தைக் காட்டுவார். சங்கம் கம்பெனியைக் காட்டும். கம்பெனி ஒப்பந்தத்தின் பொடியெழுத்தைக் காட்டும். எல்லோரும் கை காட்டி முடிவதற்குள் வருஷங்கள் கழியும். நஷ்டஈடு இறந்தவனை எழுப்பித் தராது. லைசென்ஸ் என்பது விபத்துக்கு முன்பே, இவரே பொறுப்பாளி என்று ஒருவர் பெயரைச் சட்டத்தின் முன் எழுதிவைக்கும் பத்திரம். அதன் மகிமை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பன மூன்று. பெருகிவிட்ட லிப்டுகளின் தொகைக்குத் தக்கபடி இன்ஸ்பெக்டர்களின் தொகையும் பெருக வேண்டும். பராமரிப்போரும் பரிசோதிப்போரும் வெவ்வேறு கைகளாக இருக்க வேண்டும். லைசென்ஸ் நம்பரும், கடைசியாகப் பரிசோதித்த தேதியும் கூண்டுக்குள்ளே எல்லோரும் படிக்கக் கூடிய தமிழில் எழுதியிருக்க வேண்டும். கட்டணம் வாங்கி முத்திரை குத்திக் கொடுப்பதோடு கடமை தீர்ந்ததென்று எந்த உத்தியோகஸ்தரும் எண்ணலாகாது. பாராமல் கொடுத்த அத்தாட்சி, அத்தாட்சியே இல்லாமையைவிடக் கெடுதலானது. இல்லாத இடத்தில் ஜனங்கள் ஜாக்கிரதையாகவேனும் இருப்பார்கள்.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. பொதுவேலையில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் தத்தம் வட்டாரத்தில் உள்ள ஆஸ்பத்திரி, கடை, அடுக்குவீடு ஒவ்வொன்றிலும் லைசென்ஸ் எங்கே என்று கேட்கட்டும். இல்லையென்றால் இன்ஸ்பெக்டருக்கு எழுதட்டும். பதில் வராவிட்டால் சட்டசபை அங்கத்தினரைக் கேட்கட்டும். கூண்டு பாதியில் நின்றால் கதவைப் பலவந்தமாகத் திறந்து குதிக்கலாகாதென்றும், மணியடித்து உதவிக்குக் காத்திருக்க வேண்டுமென்றும் தம் வீட்டாருக்குச் சொல்லி வைக்கட்டும். உரிமையைக் கேட்டு வாங்கப் பழகிய ஜனங்களுக்கு இது பெரிய காரியமன்று. 1939-ல் கைகட்டிய நிலையிலும் செய்த ஒரு நற்காரியத்தை, கைகள் விடுபட்ட இந்நாளில் முழுமையாகச் செய்து முடிக்காவிட்டால், அதற்குச் சமாதானம் சொல்ல அன்னியன் ஒருவனும் இங்கே இல்லை.